மூச்சு முட்டியது பயத்தாலா, உடுப்பாலா?

ஸ்கூபா டைவிங் பழக நினைக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு, புதுச்சேரியில் டைவிங் சொல்லித்தரும் பயிற்சியாளர் ஒருவர் பதில் தருகிறார்.

கேள்வி: எனக்கு வயது 34, எடை 104 கிலோ, உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். போன வருடம் சுற்றுலா போன இடத்தில் ஸ்கூபா செய்ய ஆசைப்பட்டேன். வெட்சூட் என்ற ரப்பர் உடுப்பின் ஜிப் ஏறவில்லை. ஒரு பையன் என் முதுகில் முழங்காலைக் கொடுத்து இழுத்து மூடினான். தண்ணீருக்குள் ஐந்து நிமிடம்கூட இருக்க முடியவில்லை, மூச்சு முட்டி மேலே வந்துவிட்டேன். “பயந்துட்டீங்க மேடம்” என்றார்கள். கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவள் நான். பிப்ரவரியில் அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குப் போகிறோம். மறுபடி முயலலாமா?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: கிணற்றில் குதித்தவருக்குப் பயமாம்! தாராளமாக முயலுங்கள். உங்களுக்கு முட்டியது அந்த ஜிப்பால்தான் என்று எனக்குப் படுகிறது. ஏனென்றால் நானும் அதே வழியாக வந்தவள்.

நான் டைவிங் கற்கப் போனபோது 96 கிலோ. ஒரு மையத்தில் அலமாரியைக் குடைந்து, “அக்கா, எக்ஸ்எல்தான் இருக்கிறதுலேயே பெருசு. ரப்பர்தானே, இழுத்தா வரும்” என்று கொடுத்தார்கள். போட்டுக்கொண்டு படகில் உட்கார்ந்ததுமே தலை சுற்றியது. கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தார்கள். பழத்தை முகர்ந்துகொண்டே கழுத்துப் பட்டையைத் தளர்த்தினேன், ஐந்து நிமிடத்தில் தெளிந்துவிட்டது. கழுத்தின் இரு பக்கமும் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் இருக்கின்றன. அங்கே இறுக்கினால், ரத்த அழுத்தம் ஏறிவிட்டதாக உடம்பு தப்புக்கணக்குப் போட்டு இதயத் துடிப்பைக் குறைத்துவிடும். தலை சுற்றல் அதனால்தான். மார்பை இறுக்கினால் விலா எலும்பு விரியாது. அரை மூச்சு, கால் மூச்சாக வாங்குவீர்கள். அரை மூச்சில் கரியமில வாயு தேங்கி, நெஞ்சு படபடக்கும். அதைத்தான் பயம் என்கிறார்கள்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஹேவ்லாக்கில் ஒரே ஒரு டைவுக்கு வெட்சூட் கட்டாயமே இல்லை. பிப்ரவரியிலும் அங்கே தண்ணீர் 27, 28 டிகிரி இருக்கும். வெதுவெதுப்புக்கும் பவளப்பாறை, ஜெல்லி மீன் தோலில் படாமல் இருக்கவும்தான் அந்த ரப்பர் உடுப்பு. முப்பது, நாற்பது நிமிடத்துக்கு முழுக்கை நீச்சல் சட்டையும் கணுக்கால் வரை லெக்கிங்ஸும் போதும். காட்டன் மட்டும் வேண்டாம், நனைந்தால் கனத்துத் தொங்கும். கோர்ஸ் முழுக்கச் செய்வதென்றால் கதை வேறு. கடலில் நான்கு டைவ் போகவேண்டும், இரண்டாம் நாள் குளிர் தெரியும். அதற்கு 3 மில்லிமீட்டர் வெட்சூட் வேண்டும்.

கிளம்புவதற்கு முன் தையற்காரர் டேப்பை எடுத்து கழுத்து, மார்பு, இடுப்பு, பிட்டம், தொடை, மேல்கை ஆகியவற்றை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மையத்துக்குப் போன் செய்து, “டபுள் எக்ஸ்எல் இருக்கா?” என்று கேட்காதீர்கள். ஒரு கம்பெனியின் டபுள் எக்ஸ்எல் இன்னொரு கம்பெனியின் எக்ஸ்எல் அளவுதான் இருக்கும். “உங்களிடம் உள்ள மிகப் பெரிய சூட்டுக்கு மார்பு எத்தனை அங்குலம், பிட்டம் எத்தனை அங்குலம்?” என்று கேளுங்கள். டேப் வைத்து அளந்து சொல்லும் மையம் நல்ல மையம். “வாங்க மேடம், பாத்துக்கலாம்” என்றால் வேறு இடம் பாருங்கள். ஆண்கள் சூட்டைத் தந்து சமாளிப்பதும் உண்டு. தோள் தொளதொளவென்றும் பிட்டத்தில் சிக்கியும் நிற்கும். மேலும் கீழும் தனித்தனியாக வரும் இரண்டு துண்டு சூட் கிடைத்தால் இரண்டையும் வெவ்வேறு அளவில் எடுக்கலாம். கை, கால் நீளமாக இருந்தால் மடித்துவிட்டால் போயிற்று.

போடும்போது ஒரு சின்ன வித்தை: பாதத்தில் ஒரு கேரி பேக்கை மாட்டிக்கொண்டு காலை நுழையுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். நகத்தால் இழுக்காதீர்கள், நியோப்ரீன் ரப்பர் கிழியும். போட்டபின் உட்கார்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டி, ஆழமாக மூன்று மூச்சு வாங்குங்கள். மூன்றாவது மூச்சு முதல் மூச்சு அளவுக்கு வரவில்லையா? கழற்றிவிடுங்கள்.

அடுத்து பிசிடி. சிலிண்டரைத் தாங்கி, காற்றடைத்தால் நம்மை மிதக்க வைக்கும் உடுப்பு. இதையும் ஜாக்கெட் என்றுதான் சொல்வோம். நம் ஜாக்கெட் பிடித்தால் உள்தையலைப் பிரித்துவிடலாம், இதில் அந்தப் பேச்சே கிடையாது. வாடகைக்கு வருவது பெரும்பாலும் உடம்பைச் சுற்றி உப்பும் வகை. கரையில் காற்றில்லாமல் சரியாக இருக்கும், கடலில் மேலே மிதப்பதற்கு ஊதியதும் விலாவை நெரிக்கும். அதனால் கரையிலேயே முழுசாக ஊதிப் பார்த்து மூச்சு வாங்குங்கள். வயிற்றுப் பட்டை எட்டவில்லை என்றால் அதற்கு நீட்டிப்புப் பட்டை உண்டு, கேளுங்கள். முதுகுப் பக்கம் மட்டும் உப்பும் பிசிடி கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். முன்பக்கம் வெறும் பட்டைகள்தான், நெரிக்க ஒன்றும் இல்லை. மேலே மிதக்கும்போது முகத்தை முன்னால் தள்ளப் பார்க்கும், சற்றுப் பின்னால் சாய்ந்துகொள்ளுங்கள்.

மையத்தின் மருத்துவப் படிவத்தை ஊரிலேயே கேட்டு வாங்கி நிரப்பிப் பாருங்கள். சில கேள்விகளுக்கு ‘ஆம்’ என்று வந்தால் டாக்டர் கையெழுத்து வேண்டும். ஹேவ்லாக் போய் டாக்டரைத் தேடுவது வீண் அலைச்சல்.

கேள்வி: எடை 118 கிலோ. நீச்சல்குளப் பயிற்சியில் மிதக்காமல் மூழ்குவதற்கு 4 கிலோ ஈயம் போதுமானதாக இருந்தது. கடலில் 12 கிலோ கட்டிவிட்டார்கள். கல் மாதிரி இறங்கினேன். ஈயம் கோத்த பெல்ட் வேறு நழுவிக்கொண்டே இருந்தது. குண்டானவர்களுக்கு இப்படித்தானா?
– வாசகர், தாம்பரம்

பதில்: கொழுப்பு மிதக்கும், உண்மைதான். உப்புநீர் நல்ல தண்ணீரைவிட இரண்டரை சதவீதம் அடர்த்தி அதிகம் என்பதும் உண்மை. நீங்களும் சிலிண்டரும் மற்றதும் சேர்ந்து 140 கிலோ என்று வையுங்கள். கடலுக்கு மூன்றரை கிலோ கூடுதலாக வேண்டும். 4-ம் மூன்றரையும் ஏழரை. குளத்தில் வெட்சூட் இல்லாமல் இறங்கியிருந்தால் அதற்கும் ஒன்றிரண்டு கிலோ சேரும். 12 எப்படி வந்தது? ஆளைப் பார்த்துப் போட்ட கணக்கு.

அடுத்த முறை மேல்மட்டத்தில் சோதிக்கச் சொல்லுங்கள். பிசிடியின் காற்றை முழுதும் விட்டு, சாதாரண மூச்சைப் பிடித்து அசையாமல் நில்லுங்கள். தண்ணீர் கண் மட்டத்தில் நிற்கவேண்டும், மூச்சை விட்டதும் மெல்ல இறங்கவேண்டும். சிலிண்டர் நிறைய இருக்கும்போது சோதித்தால் 2 கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்றே இரண்டரை கிலோவுக்கு மேல், டைவ் முடிவதற்குள் அதில் பெரும்பகுதி கரைந்துபோகும்.

பெல்ட் விஷயத்தை விளையாட்டாக விடாதீர்கள். ஆழத்தில் வெட்சூட் அமுங்கி மெலியும், வயிற்றுக்குக் கீழே கட்டிய பெல்ட் தளரும். வேட்டி அவிழ்ந்தால் மானத்தோடு போயிற்று. பெல்ட் அவிழ்ந்தால் பந்து மாதிரி மேலே பாய்வீர்கள், அந்த நேரத்தில் மூச்சைப் பிடித்திருந்தால் நுரையீரல் கிழியலாம். ஈயத்தைப் பிசிடியின் பைகளில் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் தோளில் மாட்டும் பட்டையோடு வரும் வெயிட் ஹார்னஸ் கேளுங்கள்.

கேள்வி: சொந்தமாக ஒன்று வாங்குவதென்றால் முதலில் எது?
– வாசகி, திருச்சி

பதில்: கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி மாஸ்க். அதற்கு உடம்பு அளவு ஒரு பொருட்டே இல்லை, முகம்தான் கணக்கு. பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள். கையை எடுத்தும் விழாமல் நின்றால் அது உங்களுடையது. பாதம் அகலமாக இருந்தால் அடுத்ததாக பூட்ஸ் வாங்குங்கள். குதிகால் திறந்த ஃபின்களை (காலில் மாட்டும் துடுப்புகளை)த்தான் அதோடு போடமுடியும். வாங்குவதை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள், கால் சற்று வீங்கியிருக்கும்.