வாசகர் கேள்வி – பதில்: கிரேக்கத் தெய்வங்களும் மாவீரர்களும்

கிரேக்கத் தொன்மங்கள் குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்துவிட்டுத் தென்காசி, தேனி எல்லைப் பகுதிகளிலிருந்தும் மலைக்கு அந்தப் பக்கமிருந்தும் பலர் எழுதியிருந்தனர். அவற்றுள் நான்கு கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறோம்.

கேள்வி (புளியரை வாசகர்): ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குத் தவறாமல் போகும் குடும்பம் எங்களுடையது. அங்குள்ள பட்டவராயன் மனிதராக வாழ்ந்து, மாடுகளை மீட்கும் சண்டையில் உயிர்விட்டுத் தெய்வமானவர். கிரேக்கர்களின் ஹெரக்ளீஸ், அக்கிலீஸ் முதலியவர்களும் இவ்வாறு வழிபடப்பட்டார்களா? அல்லது கதைகளில் மட்டும் வாழ்ந்தவர்களா?

பதில்: வழிபடப்பட்டார்கள். தாங்கள் கேட்டிருப்பது மிக முக்கியமான கேள்வி. ஏனெனில், கிரேக்க வீரர்களைக் கதைப் புத்தகங்கள் வழியாக மட்டும் அறிந்தவர்கள், அவர்களுக்குக் கல்லறையும் பலியும் ஆண்டுத் திருநாளும் இருந்தன என்பதை அறியாமலே போய்விடுகிறார்கள். கிரேக்க ஊர்களில் மாவீரன் என்பவன் முதலாவதாக இறந்துபோன ஒருவன்; அவன் எலும்புகள் கிடக்கும் இடத்தில்தான் அவனுடைய ஆற்றல் நிலைத்திருக்கும். அதனால்தான் ஏதென்ஸின் தளபதி கிமோன், கி.மு. 475ஆம் ஆண்டை ஒட்டி, ஸ்கைரோஸ் தீவிலிருந்து, ஏதென்ஸின் பழங்கால வீர மன்னன் தீஸியஸின் எலும்புகள் என்று நம்பப்பட்டவற்றைக் கப்பலில் கொண்டுவந்து சேர்த்தபோது, ஊரே ஊர்வலமாகச் சென்று பலியிட்டு அவற்றை எதிர்கொண்டது.

ஒலிம்பிக் போட்டிகள் நடந்த ஒலிம்பியாவில் பெலோப்ஸ் என்னும் வீரனுக்கு நடந்த பூசையைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் நேரில் சென்று பார்த்து எழுதிய கிரேக்கப் பயணி பௌசானியாஸ், அதன் நியமங்களை ஒவ்வொன்றாகக் குறித்து வைத்திருக்கிறார். கருப்பு ஆட்டுக்கடாவைத்தான் பலியிட வேண்டும். விறகு வெள்ளைப் பாப்ளர் மரத்தினுடையதாக மட்டுமே இருக்க வேண்டும். அந்த விறகைக் கொடுப்பவருக்குக் கடாவின் கழுத்துக் கறி உரிமை. அந்தப் பலியின் கறியை உண்டவர், தேவர்களின் தலைவனான ஸீயஸின் கோயிலுக்குள் நுழையக் கூடாது. இன்ன கடா, இன்ன விறகு, இன்னாருக்கு இன்ன பங்கு என்று வழிவழியாக வரும் முறைகளோடு கோயில் கொடை நடத்தும் ஊர்க்காரர்களுக்கு இதில் விளக்க ஏதுமில்லை. வானுலகத் தெய்வங்களுக்குப் புகை மேலே எழும்படி உயர்ந்த பீடத்தில் கொழுப்பும் எலும்பும் எரிக்கப்பட, இறந்த வீரர்களுக்கோ இரத்தம் மண்ணில் ஊற்றப்பட்டது. பல இடங்களில் அதன்பின் கறி சமைத்து ஊரார் கூடி உண்பதும் உண்டு.

ஹெரக்ளீஸின் நிலை இன்னும் சிக்கலானது. வெறிபிடித்துத் தன் பிள்ளைகளையே கொன்றவன், அந்தப் பாவம் தீரப் பன்னிரண்டு அரும்பணிகளைச் செய்து முடித்தவன், மனைவி அறியாமல் கொடுத்த நஞ்சு தோய்ந்த ஆடையால் வெந்து, ஓய்ட்டா மலையில் சிதையேறி மாண்டவன். அந்தச் சிதையிலிருந்தே தேவர்களிடம் சேர்ந்தவன். ஆகவே அவனைத் தெய்வமாகக் கும்பிடுவதா, இறந்தவனாகக் கும்பிடுவதா என்ற ஐயம் கிரேக்கர்களுக்கே இருந்தது. அவனுக்கு இரண்டு கோயில் எழுப்பி, ஒன்றில் அழிவற்ற தெய்வமாகவும் மற்றொன்றில் மாண்ட வீரனாகவும் வழிபடுகிறவர்களே சரியாகச் செய்கிறார்கள் என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதினார். ஹோமரின் காப்பியமான ஒடிஸியிலும், அவனுடைய நிழலுரு பாதாளத்தில் வில்லேந்தி நிற்க, அவன் விண்ணில் தேவர்களோடு விருந்துண்கிறான்.

நல்லவர்கள்தாம் இவ்வாறு தெய்வமானார்கள் என்றும் எண்ண வேண்டாம். அஸ்டிபலையா என்னும் தீவைச் சேர்ந்த கிளியோமிடிஸ் என்ற குத்துச்சண்டை வீரன், கி.மு. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒலிம்பியாவில் எதிராளியைக் கொன்றுவிட்டதால் பரிசு மறுக்கப்பட்டுப் புத்தி பேதலித்து ஊர் திரும்பினான். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தின் தூணைப் பெயர்த்துவிட, கூரை சரிந்து அறுபது பிள்ளைகள் வரை மாண்டனர். கல்லெறிந்து துரத்திய ஊராரிடமிருந்து தப்பி, அதீனா கோயிலிலிருந்த பெட்டிக்குள் புகுந்து மூடியை இழுத்துப் பிடித்துக்கொண்டான். பலகைகளை உடைத்துப் பார்த்தபோது உள்ளே உயிரோடும் பிணமாகவும் யாரும் இல்லை. டெல்பியிலிருந்த அப்போலோ கோயிலில் குறி கேட்டதற்கு, இவனே மாவீரர்களில் கடைசியானவன், இனி மனிதன் அல்லன், பலியிட்டு வணங்குங்கள் என்று விடை வந்தது, ஊரும் வணங்கியது.

பட்டவராயன் அறத்தின் பக்கம் நின்று மாண்டவர். சாதி கடந்து மணந்த பொம்மக்கா, திம்மக்கா இருவரும் அவரோடு சிதையேறியதை வில்லுப்பாட்டில் கேட்டு வளர்ந்த தங்களைப் போன்றவர்களுக்கு, கிளியோமிடிஸ் கதை அதிர்ச்சி தரலாம். ஆனால் துர்மரணமடைந்த வலியவனின் சினத்தைத் தணிக்கப் படையலிடுவதும் நம் பக்கத்துக்குப் புதியதன்று. பட்டவராயன் சன்னதியில் தோல் செருப்பைக் காணிக்கையாக வைக்கும்போது ஒருவர் உணரும் நெருக்கத்தைப் பெலோப்ஸின் பக்தனும் உணர்ந்திருப்பான் என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி (ஆரியங்காவு, தோட்டப் பகுதிப் பள்ளி ஆசிரியை): ஸீயஸ் பொய் சொல்கிறார், உருமாறி வந்து பெண்களை ஏமாற்றுகிறார். இப்படிப்பட்ட தெய்வத்தை அந்த மக்கள் எவ்வாறு மனமொப்பிக் கும்பிட்டார்கள்? பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?

பதில்: இதே கேள்வியைக் கிரேக்கர்களே கேட்டார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அம்மா. திருட்டு, பிறன்மனை நயத்தல், வஞ்சகம் என மனிதரிடையே இழிவாகக் கருதப்படும் அனைத்தையும் பழங்கவிஞர்களான ஹோமரும் ஹெஸியோடும் தெய்வங்கள்மேல் ஏற்றிவிட்டார்கள் என்று கி.மு. 6ஆம் நூற்றாண்டிலேயே செனோபனிஸ் என்ற கவிஞர் கடிந்து பாடினார். பின்னர் வந்த தத்துவஞானி பிளேட்டோ, தம் இலட்சிய அரசில் இக்கதைகளைக் குழந்தைகளுக்குச் சொல்லவே கூடாது என்றார். அவ்வளவு தூரம் போக நான் விரும்பமாட்டேன்.

ஒரு கிரேக்கன் கைகூப்பியது காதல் கதைகளின் ஸீயஸை அன்று. விருந்தினரைக் காக்கும் ஸீயஸை, சத்தியத்துக்குச் சாட்சியான ஸீயஸை. கதவைத் தட்டும் அந்நியரும் பிச்சைக்காரரும் ஸீயஸ் அனுப்பியவர்கள் என்பது ஒடிஸியில் திரும்பத் திரும்ப வரும் வாக்கு. விருந்தினனாகச் சென்ற வீட்டில் அவ்வீட்டு மன்னனின் மனைவி ஹெலனைக் கவர்ந்ததுதான் ட்ராய் இளவரசன் பாரிஸ் செய்த பெரும்பிழை. ஒலிம்பியாவின் மன்ற மண்டபத்தில் இரண்டு கைகளிலும் இடியேந்தி நின்ற ஸீயஸ் சிலையின் முன், பன்றிக் கறித் துண்டுகளின்மேல், போட்டியாளர்களும் அவர்களுடைய தந்தையரும் சகோதரர்களும் பயிற்சியாளர்களும் போட்டியில் எந்த முறைகேடும் செய்யமாட்டோம் என்று சத்தியம் செய்தனர். அநீதி செய்வோரை அஞ்சவைப்பதில் அதற்கு ஈடான ஸீயஸ் சிலை வேறில்லை என்கிறார் பௌசானியாஸ். கதைகளோடு இந்த மண்டபத்தையும் வகுப்பில் விவரித்தால், பிள்ளைகள் தாங்களே புரிந்துகொள்வார்கள்.

கேள்வி (கம்பம் வாசகர்): ட்ராய்ப் போர் உண்மையில் நடந்ததா?

பதில்: ஊர் உண்மை. துருக்கியின் வடமேற்கில் உள்ள ஹிசார்லிக் மேட்டில் 1870களில் ஜெர்மானியரான ஷ்லீமன் அகழ்வாய்வுக்காகத் தோண்டத் தொடங்கியதிலிருந்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது முதன்மையான குடியிருப்பு அடுக்குகள் கண்டறியப்பட்டன. அவற்றில் ஒன்று கி.மு. 1180ஐ ஒட்டித் தீயில் அழிந்தது. கதையில் வரும் ட்ராய் மன்னன் பிரியமுடையது என்று ஷ்லீமன் பறைசாற்றிய பொற்குவியலோ அதற்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முந்தியது. பத்தாண்டுப் போரும் மரக்குதிரையும் கவிதையின் சொத்து.

கேள்வி (குமுளி, ஏலக்காய் வணிகர்): மிளகுக்காகப் பழைய சேரர் துறைமுகமான முசிறிக்கு வந்த யவனர்கள் தங்கள் தெய்வங்களையும் கொண்டுவந்தார்களா?

பதில்: கப்பலின் பெயரிலேயே கொண்டுவந்தார்கள். எகிப்தில் கிடைத்து, இப்போது வியன்னாவில் உள்ள கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கிரேக்கப் பாப்பிரஸ் ஏடு ஒன்று, முசிறி வணிகத்துக்கான கடன் ஒப்பந்தத்தைக் கூறுகிறது. அதன் மறுபக்கத்தில் கங்கைச் சடாமாஞ்சியும் யானைத் தந்தமும் ஏற்றிச் சென்ற கப்பலின் சரக்குக் கணக்கு இருக்கிறது. அந்தக் கப்பலின் பெயர் ஹெர்மபொல்லோன். வணிகருக்கும் வழிப்போக்கருக்கும் துணையான ஹெர்மிஸையும் அப்போலோவையும் இணைத்து வைத்த பெயர் அது. கடலைக் கடப்பவர்கள் தெய்வத்தின் பெயரைக் கப்பலுக்குச் சூட்டுவது எவ்வளவு இயல்பானது என்பதைத் தங்கள் கடைப் பெயர்ப்பலகையைப் பார்த்தாலே அறியலாம்.

மகாராஷ்டிரத்தின் கோலாப்பூரில் கடல் தெய்வமான பொசைடனின் சிறிய வெண்கலச் சிலை ஒன்று கிடைத்திருக்கிறது. முசிறிக்கு அருகே, பியூட்டிங்கர் வரைபடம் எனப்படும் பழைய உரோமானிய வழிப்படம் அகஸ்டஸ் பேரரசனின் கோயில் ஒன்றைக் காட்டுகிறது. ஒலிம்பஸ் மலைத் தெய்வத்துக்கு உரியதல்ல என்றாலும், அரசனைத் தெய்வமாகப் போற்றி வழிபடும் முறையை உரோமானியர் அலெக்சாந்தருக்குப் பிந்திய கிரேக்க நகரங்களிலிருந்தே பெருமளவும் கற்றுக்கொண்டனர்.