ஆக்சிலுக்குள் கடல் தண்ணீர்: பிரீதர் ஓஸுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கேள்வி: மண்டபம் பக்கம் சிறிய ஃபைபர் படகுகளை டிரெய்லரில் ஏற்றிக் கடலில் இறக்குவதும், திரும்பக் கரையேற்றுவதும் என் தொழில். வண்டி பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப். படகு மிதக்கும் வரை பின்னால் எடுக்கும்போது பின் ஆக்சில் முழுக்க முங்கிவிடும். போன மாதம் கிரவுன் (ஆக்சில் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி) ஆயிலை இறக்கினால் பால் கலந்த காபி நிறத்தில் வந்தது. ஒரு கடையில் ‘பிரீதர் கிட்’ என்று 3,800 ரூபாய் சொல்கிறார்கள். ஒருவழி வால்வு இருக்கிறது, தண்ணீர் உள்ளே வரவே வராது என்கிறார்கள். வாங்கலாமா?
– மண்டபம் வாசகர்

பதில்: பிரீதரை, அதாவது ஆக்சில் மூச்சு விடும் துளையை, ஓஸ் (ரப்பர் குழாய்) போட்டு உயரத்துக்கு ஏற்றும் வேலை உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். அதற்கு அந்த கிட் வேண்டியதில்லை. அதிலும் ஒருவழி வால்வு இருப்பதைத் தொடவே வேண்டாம்.

காரணம் இதுதான். வண்டி ஓட ஓட கிரவுன் சூடாகி, உள்ளே இருக்கும் காற்று விரியும். அதை வெளியே விடத்தான் ஆக்சில் குழாயின் மேல் அந்தச் சின்ன மூடி இருக்கிறது. நீங்கள் படகை இழுத்துக்கொண்டு தார் ரோட்டில் வந்து, சூடு ஆறுவதற்குள் கடலில் இறக்குகிறீர்கள். ஹவுசிங் சட்டென்று குளிர்ந்து உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. 80 டிகிரி செல்சியஸில் இருந்த காற்று 30 டிகிரிக்கு வந்தால், வெளியிலிருந்து காற்று நுழைய வழியில்லாத இடத்தில் அழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறையும். ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் ஆழத்துத் தண்ணீர் வெளியே நின்று தள்ளுகிற அளவு அது. உங்கள் ஆக்சில் முங்குவது அரை மீட்டர் என்றாலும் உறிஞ்சுதல் அதைவிடப் பெரியது.

இப்போது ஒருவழி வால்வை யோசியுங்கள். காற்றை வெளியே விடும், உள்ளே விடாது. அப்படியானால் உறிஞ்சுதல் தீராமல் உள்ளேயே நிற்கும். எங்கே இளக்கமோ அங்கே தண்ணீர் நுழையும். அது பெரும்பாலும் ஆயில் சீல், சுழலும் தண்டைச் சுற்றி ஆயில் கசியாமல் பிடிக்கிற ரப்பர் வளையம். சீலின் உதடு ஆயிலை உள்ளே பிடித்துவைக்கச் செய்தது, வெளியிலிருந்து வரும் தண்ணீரைத் தடுக்க அல்ல. ஆகவே பிரீதரை அடைப்பது தீர்வே இல்லை. அதன் வாய் திறந்தபடியே இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் எட்டாத உயரத்தில். சிலர் எம்-சீல் வைத்து மூடிவிடுகிறார்கள். அதைவிட மோசம் வேறில்லை. சூட்டில் ஆயில் பினியன் சீல் (இன்ஜின் பக்கத்துத் தண்டு கிரவுனுக்குள் நுழையும் இடத்து சீல்) வழியாகவும் வீல் பக்கத்து சீல் வழியாகவும் கசியும்; பிரேக் டிரம்முக்குள் ஆயில் போனால் வண்டி நிற்காது.

வாங்க வேண்டியவை: ஆயிலுக்கும் சூட்டுக்கும் தாங்குகிற டீசல் ஓஸ், பிரீதர் இருக்கும் துளையின் மரைக்குப் பொருந்துகிற பித்தளை நிப்பிள், கிளிப்புகள், முனைக்கு ஒரு சின்ன டீசல் ஃபில்டர். மரை வண்டிக்கு வண்டி மாறும். பழைய பிரீதரைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் லேத்தில் கடைந்து தருவார்கள். கண்ணாடி போன்ற மீன்தொட்டி டியூப் விலை குறைவுதான், ஆனால் சூட்டில் இறுகி வெடித்துவிடும். இந்தப் பட்டியலுக்கு விலை விசாரித்துவிட்டு, கூலியும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். அப்புறம் 3,800 நியாயமா என்று உங்களுக்கே தெரியும்.

ஓஸைக் கொண்டுபோகிற வழியில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஆக்சில் மேலும் கீழும் ஆடும். முழுதாகத் தொங்கும்போதும் ஓஸ் இழுபடாத அளவு தொய்வு விட வேண்டும். சேஸிஸைத் தொட்ட பிறகு தொய்வே கூடாது, ஏறுமுகமாகவே போக வேண்டும். நடுவில் ஒரு பள்ளம் விழுந்தால் அங்கே ஆயிலோ ஈரமோ தேங்கி ஓஸையே அடைத்துவிடும். சைலன்சர் குழாய் பக்கம் போகாமல் பாருங்கள். முனை, இன்ஜின் காற்று இழுக்கும் இடத்துக்குக் குறையாத உயரத்தில், வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். முன் கிரவுன், பின் கிரவுன், டிரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜின் விசையை முன் பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி), கியர் பாக்ஸ் நாலுக்கும் தனித்தனி மூச்சு உண்டு. பின் ஆக்சில் மட்டும்தான் முங்குகிறது என்றால் அதோடு நிறுத்திக்கொண்டு பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

மிச்சம் பிடித்ததை சீலில் போடுங்கள். ஆயில் ஏற்கனவே வெளுத்திருக்கிறது என்றால், பிரீதர் வழியாகத்தான் தண்ணீர் வந்தது என்று எப்படிச் சொல்வது? வீல் பக்கத்து சீல், பினியன் சீல் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். சீல் உட்காரும் இடத்தில் துரு அரித்திருந்தால் புது சீலும் நிற்காது. உப்புத் தண்ணீர் கலந்த ஆயிலை அடுத்த சர்வீஸ் வரை விடாதீர்கள்; பேரிங்கில் அரிப்பு உடனே தொடங்கிவிடும். கையேட்டில் சொன்ன கிரேடில் புது ஆயில் ஊற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி, அதையும் இறக்கிவிட்டு மறுபடி ஊற்றுவது நல்லது.

நீங்கள் கேட்காத ஒன்று, டிரெய்லர் சக்கரம். அந்த ஹப்புக்கு மூச்சுத் துளையே கிடையாது. ரோட்டில் சூடாகி, கடலில் முங்கி, அதேபோலத் தண்ணீரை உறிஞ்சும். இறங்குமுன் அரை மணி நேரம் நிழலில் நிறுத்தி ஆறவிடுங்கள். படகுக்குப் போடும் தண்ணீர் தாங்கும் கிரீஸையே ஹப்பில் நிரப்பி, அடிக்கடி புதுப்பியுங்கள்.

கரையேறியதும் வாட்டர் சர்வீஸ் கொடுப்பது நல்ல பழக்கம். ஆனால் நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் போர் தண்ணீரே பல ஊர்களில் உப்பு; அதில் கழுவுவதால் பெரிய பயன் இல்லை. நல்ல தண்ணீரில் கழுவுகிற கடையாகப் பாருங்கள். பிரஷர் கன்னை சீல் மேல் நேராகப் பிடிக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பழைய வண்டி விற்கும் ஷோரூம் ஒன்றில் ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கினேன். ‘கடல் பக்கமே போகாத வண்டி’ என்றார்கள். இரண்டே வாரத்தில் பின்னால் உறுமல். மெக்கானிக் திறந்து பார்த்து, கிரவுனில் உப்புத் தண்ணீர் என்கிறார். பணம் கேட்க முடியுமா?
– தொண்டி வாசகர்

பதில்: முடியும். வியாபாரமாக விற்பவரிடம் வாங்கியதால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். பக்கத்து வீட்டுக்காரர் தன் சொந்த வண்டியை விற்றிருந்தால் இந்த வழி கடினம். லாபத்துக்கான வணிகப் பயன்பாட்டுக்கு வாங்கியிருந்தால் நுகர்வோர் என்ற தகுதி போய்விடும். ஆனால் சொந்தப் பிழைப்புக்காக, சுயதொழிலுக்கு மட்டும் என்றால் விலக்கு உண்டு.

இனிமேல் எதையும் பிரிக்க வேண்டாம். இறக்கிய ஆயிலைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து மூடிவையுங்கள். சற்று நேரம் நிற்கவிட்டுக் கிரவுன் டிரெயின் போல்ட்டை இளக்கினால் தண்ணீர்தான் முதலில் வரும், அது ஆயிலைவிடக் கனம். மிச்சம் இருந்தால் அதை வீடியோ எடுங்கள். மெக்கானிக்கிடம் லெட்டர்பேடில் எழுதி வாங்குங்கள். ‘கடல் பக்கம் போகாத வண்டி’ என்று வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தால் அதுதான் உங்கள் முக்கியமான ஆதாரம். பிறகு பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள்.

பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதுவும் பலிக்காவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது. 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைப்பதும் உங்கள் விருப்பம்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அடிப்பக்கம் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்த பழைய வண்டியைப் பார்த்தால், நம் கரையோரத்தில் சந்தேகப்படுங்கள். ஸ்பிரிங் பிளேட்டுகளுக்கு இடையே வெள்ளைப் பூப்பு இருக்கிறதா, பிரீதர் மூடி துருவேறி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

கேள்வி: புதிய மஹிந்திரா தார் ஜீப் வாங்கியிருக்கிறேன். 650 மில்லிமீட்டர் தண்ணீரில் போகலாம் என்று கம்பெனி சொல்கிறது. தனுஷ்கோடிக் கரையில் அந்த ஆழத்துக்கு இறங்கலாமா?
– பரமக்குடி வாசகர்

பதில்: வேண்டாம். தாரின் 650, ஃபோர்ஸ் கூர்க்கா ஜீப்பின் 700 எல்லாம் மெதுவாகக் கடக்கும் ஓரளவு அசையாத தண்ணீருக்கான கணக்கு. அலை ஒரு முறை எழுந்தால் அந்த உயரம் தாண்டிவிடும். அலை திரும்பும்போது டயருக்கு அடியில் மணலை அரித்துக்கொண்டு போகும், வண்டி இறங்கிவிடும். அரிச்சல்முனை வரை நல்ல தார் ரோடு இருக்கிறது. ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிடும் கரையும் அதுதான். ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். புது வண்டியில் பிரீதர் ஓஸை நீங்களாக வெட்டி நீட்டவும் வேண்டாம். வாரன்ட்டி பாதிக்குமா என்று சர்வீஸ் சென்டரில் மெயிலில் கேட்டு, பதிலை வைத்துக்கொண்டு பிறகு முடிவெடுங்கள்.