குண்டுபோடப் போய்ச் செத்தவரை வீரர் என்று சொல்லலாமா?

ஏதோ ஒரு போர் நினைவுச்சின்னத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் குண்டுக்குக் கீழே இருந்தவன். 1990இல் யாழ்ப்பாணத்தில் எனக்கு ஒன்பது வயது. "பொம்மர் வருது" என்று யாராவது கத்தினால் சோற்றுக் கோப்பையோடு பங்கருக்குள் பாய்வோம். பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட பங்கர்; மழைக்காலத்தில் தவளையும் எங்களோடு இருக்கும். மேலே வருபவனுக்கு ஒரு முகம் இருக்கும் என்று அப்போது யோசித்ததே இல்லை.

இப்போது கனடாவில் ஹமில்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். இங்கே விமான நிலையத்தை ஒட்டிய அருங்காட்சியகத்தில் ஒரு லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் உண்டு. உலகத்தில் இன்றும் பறக்கும் லங்காஸ்டர் இரண்டுதான், அதில் இது ஒன்று. குடிவந்த முதல் கோடையில் அது வீட்டுக்கு மேலால் போனது. நாலு எஞ்சினும் சேர்ந்து உறும, நான் உடுப்புக் கூடையோடு படிக்கட்டுக்குக் கீழே குந்திவிட்டேன். மகள் சிரித்தாள். பிறகு அவள்தான் பிடிவாதமாக அங்கே கூட்டிப்போனாள்.

அதில் பூசியிருக்கும் அடையாள எழுத்துகள், இரண்டாம் உலகப் போரில் 1944 ஜூன் 13 அதிகாலை பிரான்சில் விழுந்த வேறொரு லங்காஸ்டருடையவை. அப்போது ஜெர்மனியின் பிடியில் இருந்த கம்ப்ரே ரயில் தளத்தை அடிக்க அதில் போன ஏழு பேரில் ஆண்ட்ரூ மைனார்ஸ்கியும் ஒருவர். வினிபெக் பையன், போலந்துக் குடியேறிகளின் மகன், வயது 27. ஜெர்மன் விமானம் சுட்டதில் இடப்பக்கத்து இரண்டு எஞ்சினும் போய்விட்டன. குதிக்கச் சொல்லிவிட்டார் விமானி. விமானத்தின் வாலில், துப்பாக்கிக்காரர் உட்காரும் சுழல் கூண்டில் பாட் பிராஃபி மாட்டிக்கொண்டார். கூண்டு நேராகத் திரும்பினால்தான் அதன் கதவு வழியாக வெளியே வரலாம். திருப்பும் எண்ணெய் அழுத்தம் எஞ்சினோடு போய்விட்டது. மைனார்ஸ்கி குதிக்காமல் நெருப்புக்குள் தவழ்ந்து போய், கோடரியாலும் வெறுங்கையாலும் கூண்டை நெம்பினார். உடுப்பு பற்றி எரிந்தது. போய்விடு என்று பிராஃபி கையசைத்தார். பின்வாங்கியவர் நிமிர்ந்து நின்று ஒரு சல்யூட் வைத்துவிட்டுத்தான் குதித்தார். எரிந்த பாராசூட் அவரைக் காப்பாற்றவில்லை, தீக்காயத்தில் இறந்தார்.

பிராஃபியோ, விமானம் தரையில் மோதியபோது வெளியே எறியப்பட்டுப் பிழைத்துக்கொண்டார்! அவர் பிழைத்திராவிட்டால் இதைச் சொல்ல ஆளே இல்லை. 1946இல் மைனார்ஸ்கிக்கு வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்ததும் அவர் சொன்ன சாட்சியால்தான்.

"அப்ப எங்களை அடிச்சவனும் வீரனோ?" என்று பின்னூட்டத்தில் வரப்போகிறவர்களுக்கு: நான் அப்படி எழுதவில்லை, திரும்பப் படியுங்கள். அந்த வருடம் பிரான்சில் நேச நாட்டுக் குண்டுகள் பொதுமக்களையும் கொன்றன. அவர்களும் பங்கரைத் தேடி ஓடியிருப்பார்கள். அந்தப் போரில் பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் செத்தவர்கள் 55,573 பேர். எல்லோரையும் ஒரே சொல்லில் அடக்க எனக்கு வராது. ஆனால் கூண்டில் கிடந்த ஒருவனுக்காகத் திரும்பிப் போனவரை வீரர் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

இன்னொன்று. நான் வேலை செய்யும் இடத்தில் நவம்பர் மாதம் மேற்பார்வையாளர் எல்லோருக்கும், போரில் செத்தவர்களின் நினைவாகச் சட்டையில் அணியும் சிவப்புப் பொப்பி பூவைக் குத்தச் சொல்வார். நினைவு நாளான 11ஆம் தேதி பதினொரு மணிக்கு மௌனமாக நிற்க இரண்டு நிமிடம் உற்பத்தி லைனை நிறுத்தக் கேட்டால், "உற்பத்தி கெடும்" என்பார். பூவுக்குக் காசு நாங்கள்தான் போட்டோம்.

லங்காஸ்டர் மேலால் போனால் இப்போதும் குந்தத்தான் செய்கிறேன். குந்தியபடியே அண்ணாந்து வால்கூண்டைத் தேடுவேன்.