மழைக்கு முன் வந்த சின்னக் கார் கேள்விகள்

கே: ஆல்ட்டோ கே10 வைத்திருக்கிறேன். புதுச்சேரிக்குப் போய் பெட்ரோல் போட்டால் லாபம்தானே? (மஞ்சக்குப்பம், கடலூர்)

ப: அதற்காக மட்டும் போனால் நஷ்டம். போக வர 45-50 கி.மீ., இரண்டரை லிட்டர் தீரும். உங்கள் டேங்க் கொள்ளுவதே 27 லிட்டர். லிட்டருக்கு ஐந்து ரூபாய் மிச்சம் என்றாலும் 135 ரூபாய்தான். வேறு வேலையாகப் போகும்போது நிரப்பிக்கொள்ளுங்கள்.

கே: சின்னக் கார் வாங்கலாமா? (நெல்லிக்குப்பம்)

ப: வீட்டில் எத்தனை பேர், மாதம் எவ்வளவு ஓட்டம் என்று ஒரு வரிகூட எழுதாமல் கேட்டால் எப்படி? ஊருக்குள் ஓட்ட, நேரு வீதி போன்ற நெரிசலான இடத்தில் சந்து கிடைத்தால் நிறுத்த, குறைந்த செலவில் சர்வீஸ் செய்ய இதைவிட நல்லது இல்லை. ஐந்து பேர், ஏசி, நிறைந்த டிக்கியோடு ஹைவேயில் ஓவர்டேக் செய்வதுதான் சிரமம். ஒரு லிட்டர் எஞ்சின் திணறும். கியரைக் குறைத்து, எதிரே நிறைய இடம் இருந்தால் மட்டும் முந்துங்கள். டயர் காற்றையும் பாருங்கள்.

கே: மழையில் வாசலில் நின்ற கார் பம்பர் வரை மூழ்கியது. வடிந்ததும் ஸ்டார்ட் செய்தேன், 'டக்' என்று நின்றுவிட்டது. இன்சூரன்ஸில் பணம் தர மறுக்கிறார்கள். (ரெயின்போ நகர்)

ப: ஏன் சாவியைத் திருப்பினீர்கள்? ஒவ்வொரு மழைக்கும் இதையே எழுதுகிறேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. கொட்டியது. அதற்குப் பிறகும் இப்படிக் கடிதம் வருவது வேதனையாக இருக்கிறது. ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். நின்ற இடத்தில் மூழ்கிய கார் பெரும்பாலும் பிழைத்துவிடும், ஸ்டார்ட் செய்த கார்தான் சாகிறது. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள், தண்ணீர் நின்ற அளவு தெரியும்படி போட்டோ எடுங்கள், இன்சூரன்ஸுக்குச் சொல்லிவிட்டு வண்டியை ஏற்றிச் செல்லச் சொல்லுங்கள். சாதாரண பாலிசியில், தண்ணீரோடு ஸ்டார்ட் செய்து கெட்ட எஞ்சினுக்குப் பொதுவாகப் பணம் வராது. எஞ்சின் புரொடெக்‌ஷனைத் தனிக் கவராகச் சேர்க்க வேண்டும். பிரீமியத்தில் ஆயிரம் ரூபாய் குறைகிறதே என்று அதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். நம் கடற்கரை ஊர்களில் அதை வெட்டவே கூடாது. பழைய கார்களுக்குச் சில கம்பெனிகள் தருவதில்லை, இப்போதே கேட்டு வையுங்கள்.

கே: சிஎன்ஜி போடலாமா? (வில்லியனூர்)

ப: தினமும் 50 கி.மீ. ஓட்டினால் போடலாம். கேஸ் சிலிண்டர் வைப்பதால் டிக்கி போய்விடும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை அந்த சிலிண்டருக்கு டெஸ்ட் உண்டு.

கே: கதவின் அடிப்பகுதி துருப்பிடிக்கிறது. (தேவனாம்பட்டினம்)

ப: கதவுக்கு அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும், மண் அடைத்திருக்கும். குச்சியால் குத்திவிடுங்கள். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் வண்டியின் அடியைக் கழுவுங்கள். உப்புத் தண்ணீர் வரும் போர்வெல்லில் கழுவிவிட்டு எனக்கு எழுதாதீர்கள்.

கே: டயரில் எவ்வளவு காற்று? (திருப்பாதிரிப்புலியூர்)

ப: டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருக்கிறது. காலையில், டயர் சூடாகும் முன் பாருங்கள்.