பழைய பிக்சர் டியூப் டிவியின் லைன் அவுட்புட் டிரான்சிஸ்டர் (படத்தின் கிடைக்கோட்டு ஸ்கேனை இயக்குவது) பியூ508டி கிடைக்கவில்லை. பியூ508ஏ போடலாமா?

அப்படியே மாற்றிப் போடாதீர்கள். இரண்டும் 1500 வோல்ட், 8 ஆம்பியர் வகைதான். ஆனால் ‘டி’யின் உள்ளேயே டேம்பர் டயோடு (எதிர்த்திசை மின்னோட்டத்துக்கு வழிவிடுவது) உண்டு, ‘ஏ’யில் கிடையாது. போர்டில் தனி டயோடு இல்லாத செட்டில் ‘ஏ’யைப் போட்டால் உடனே எரிந்துவிடும். இந்த ஓர் எழுத்தைக் கவனிக்காமல் நானே ஒன்றை இழந்திருக்கிறேன். டயோடுடன் வரும் பியூ2508டிஎஃப் கிடைத்தால் டேட்டாஷீட்டை ஒப்பிட்டுப் பார்த்துப் போடுங்கள்.

புதியதைப் போடும் முன், பழையது ஏன் போனது என்று பாருங்கள். டிரான்சிஸ்டரின் கலெக்டர் காலோடு இணைந்த டியூனிங் கெபாசிட்டர் மதிப்பு இறங்கியிருந்தால் ஹைவோல்டேஜ் ஏறி, புதியதும் போகும். அதற்கு அதே மதிப்பு, அதே வோல்ட், பாலிப்ரொப்பிலீன் வகை மட்டுமே. கையில் இருப்பதைப் போட்டுச் சமாளிக்கும் இடமல்ல அது. சாதாரண எலக்ட்ரோலிடிக் என்றால் சுலபம்: அதே மைக்ரோஃபாரட், வோல்ட் சமமாகவோ சற்றுக் கூடவோ, 105 டிகிரி வகை.

டியூபுக்கு ஹைவோல்டேஜ் தரும் ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மர்தான் சிரமம். உருவம் ஒன்றாக இருந்தாலும் பின் வரிசை மாறும். அதே மாடலின் பழுதான செட் ஒன்றிலிருந்து கழற்றுவதே நல்லது. கை வைக்கும் முன் டியூபின் ஹைவோல்டேஜ் முனையான ஆனோடை டிஸ்சார்ஜ் செய்ய மறக்காதீர்கள். கலர் டியூபில் 20,000 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம்.