கேக், கேரம், கம்பளி: டிசம்பர் பிறந்தநாள்களுக்கு வாங்கும்போது

டிசம்பரில் பிறந்த பிள்ளைகள் உள்ள வீட்டில் செலவு இரட்டிப்பாகும். அரையாண்டு விடுமுறை, கிறிஸ்துமஸ், நடுவில் பிறந்தநாள். கடைசி வாரக் கூட்டத்தில் கடைக்காரருக்குப் பதில் சொல்ல நேரம் இருக்காது, நமக்கும் பார்த்து வாங்க நேரம் இருக்காது. கீழே உள்ளவற்றில் பெரும்பாலானதை 20-ம் தேதிக்கு முன்பே முடித்துவிடலாம்.

கேள்வி: மகளுக்கு டிசம்பர் 23 பிறந்தநாள். அதற்கும் கிறிஸ்துமஸுக்கும் சேர்த்து இரண்டு கிலோவில் ஒரே கேக் வாங்கிவிடலாமா? மாமியார் முட்டை சாப்பிட மாட்டார். பேக்கரியில் ‘எக்லெஸ்’ என்று வாயால் சொல்கிறார்கள். எப்படி நம்புவது? (தூத்துக்குடி வாசகி)

ஒரே கேக் வேண்டாம். ஃப்ரெஷ் க்ரீம் கேக்கை ஃப்ரிட்ஜில் வைத்தாலும் ஓரிரு நாளைக்குத்தான் தாங்கும். 23-ல் வெட்டி, மேசையில் வெகுநேரம் வைத்திருந்ததை 25-ம் தேதி வரும் விருந்தாளிக்குக் கொடுக்காதீர்கள். பிறந்தநாளுக்கு அரை கிலோ க்ரீம் கேக், கிறிஸ்துமஸுக்குத் தனியாகப் பிளம் கேக் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பிளம் கேக்கில் உலர்பழமும் சர்க்கரையும் அதிகம், ஈரம் குறைவு. இறுக மூடி வைத்தால் வெளியிலேயே பல நாள் இருக்கும் என்பதால் அதை முன்கூட்டியே வாங்கிவிடலாம். பழத்தை எதில் ஊறவைத்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். சில பேக்கரிகளில் ரம், சில பேக்கரிகளில் திராட்சைச் சாறு. குழந்தைகள் சாப்பிடும் வீட்டில் இது தெரிந்திருக்க வேண்டும்.

முட்டை விஷயத்தில், பாக்கெட்டில் வரும் கேக் என்றால் சிரமமே இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி முட்டை கலந்த பொருள் அசைவம். பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம், பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம். ஆர்டர் கொடுத்துச் செய்யும் கேக்கில் இந்த முத்திரை இருக்காது. அதனால் ஆர்டர் சீட்டிலேயே ‘முட்டை சேர்க்காதது’ என்று எழுதி வாங்குங்கள். நாளைக்குப் பேச்சு மாறினால் கையில் இருக்கப்போவது அந்தச் சீட்டுதான். ஒரே அவனிலும் தட்டிலும்தான் இரண்டு வகையும் செய்கிறார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். உங்கள் மாமியாருக்கு அதுவும் முக்கியமாக இருக்கலாம்.

வீட்டிலிருந்து கேக் செய்து கொடுப்பவரும் உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்திருக்க வேண்டும். அந்த 14 இலக்க எண் பில்லில் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் கட்டாயம். எடையைப் பொறுத்தவரை, கேக்குக்கு அடியில் வைக்கும் அட்டையையும் பெட்டியையும் சேர்த்து நிறுத்துக் காசு வாங்கக் கூடாது. ‘அட்டை இல்லாமல் எடை போடுங்கள்’ என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: பையனுக்குப் பன்னிரண்டாவது பிறந்தநாள். லீவில் செல்போனை விட்டு எல்லோரும் சேர்ந்து விளையாட ஒரு கேரம் போர்டு வாங்கித் தரலாம் என்று இருக்கிறேன். பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன, விலையில்தான் பெரிய வித்தியாசம். எதைப் பார்த்து வாங்குவது? (பெரம்பூர் வாசகர்)

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. இரண்டு முறை கேரம் உலக சாம்பியன் ஆகி 1996-ல் அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயம், 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா இருவரும் சென்னைக்காரர்கள். தாத்தாவும் பேத்தியும் சரிசமமாக உட்கார்ந்து ஆடக்கூடிய ஆட்டம் இதைப்போல வேறு அதிகம் இல்லை.

விலை வித்தியாசத்துக்கு முதல் காரணம் பலகையின் கனம். சர்வதேசப் போட்டி விதிப்படி ஆடும் பரப்பின் பிளைவுட் 8 மி.மீ.க்குக் குறையக் கூடாது, பரப்பு ஒரு பக்கம் 73.5 முதல் 74 செ.மீ. வரை, அதாவது சுமார் 29 அங்குலம். மலிவான போர்டுகளில் பலகை 4 மி.மீ. அளவில்தான் இருக்கும். மழைக்கால ஈரத்தில் அது வளைந்துவிடும், காய் தானாக ஒரு மூலைக்கு உருளும். ‘பெரிய சைஸ்’ என்று கடையில் சொல்வது பெரும்பாலும் வெளிச்சட்டத்தையும் சேர்த்த அளவு. அளவு நாடா கொண்டுபோய் உள்பரப்பை அளந்து பாருங்கள்.

கையோடு மூன்று முழ நூலும் இருக்கட்டும். போர்டில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நூலை இழுத்துப் பிடியுங்கள். நடுவில் நூலுக்கும் பலகைக்கும் இடைவெளி தெரிந்தால் பலகை குழிந்திருக்கிறது. நூல் நடுவில் முட்டி ஓரத்தில் தூக்கினால் மேடு. இரண்டு மூலைவிட்டங்களையும் இப்படிப் பாருங்கள். அடுத்தது ஓட்டம். 15 கிராம் ஸ்ட்ரைக்கரை முழு வேகத்தில் அடித்தால் அது சட்டத்துக்குச் சட்டம் குறைந்தது மூன்றரை முறை ஓட வேண்டும் என்பது போட்டி விதி. கடையிலேயே அடித்துப் பார்க்க விடச் சொல்லுங்கள், நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். மரச்சட்டம் மூலைகளில் சேரும் இடத்தில் நகத்தால் கீறிப் பாருங்கள். இடுக்கில் பசை பிதுங்கி மெழுகு பூசி மறைத்திருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

என் கணக்கில், வீட்டுக்கு 8 மி.மீ. போதும். 12 மி.மீ. பலகைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் நல்ல காய் செட்டும் ஸ்டாண்டும் வாங்கிவிடலாம். வீட்டில் கைக்குழந்தை இருந்தால், காய் வழுக்கி ஓடப் பலகையில் தூவும் போரிக் பவுடரைத் தவிருங்கள், வாயில் போனால் ஆபத்து. மாவுப்பொருளில் செய்த கேரம் பவுடர் கிடைக்கிறது. ஆடி முடித்ததும் போர்டைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். அந்தச் சாய்வில்தான் பலகை வளையும்.

கேள்வி: தங்கச்சி மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக விளக்கு எரியும் பொம்மை ரயில் வாங்கிக் கொடுத்தேன். மறுநாளே ஓடவில்லை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லைக் காட்டுகிறார்கள். பரிசு கொடுத்துவிட்டதால் நான் கேட்க முடியாது என்றும் சொல்கிறார்கள். (திருச்சி வாசகி)

இரண்டுமே தவறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி பழுதான பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. அதற்கான கெடு பில்லில் எழுதியிருக்கும் காலம், எழுதாவிட்டால் 30 நாள். வாங்கியவர் மட்டுமல்ல, அவர் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். நீங்களும் கேட்கலாம், உங்கள் தங்கையும் கேட்கலாம்.

முதலில் எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். பல புகார்கள் அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் நிறம் பிடிக்கவில்லை, சைஸ் சேரவில்லை என்பதெல்லாம் பழுது ஆகாது. அது கடையின் விருப்பம், அதனால் பரிசு வாங்கும்போதே ‘மாற்றித் தருவீர்களா, எத்தனை நாளுக்குள்?’ என்று கேட்டுப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

பொம்மையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்ததா என்றும் பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு அது கட்டாயம். முத்திரையோடு உள்ள உரிம எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். விளக்கு எரியும் பொம்மை, மின்னும் குட்டி நட்சத்திரம் எதுவானாலும் பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ இருக்கிறதா என்று பாருங்கள், மிக முக்கியம். பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துவிடும். சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கேள்வி: ஹீட்டர் வாங்கினால் கரன்ட் பில் எவ்வளவு ஏறும்? (கொடைக்கானல் வாசகர்)

2,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்துக்கு 2 யூனிட். தினம் நாலு மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் 480 யூனிட் கூடும். சூடு ஏறியதும் தானாக அணையும் தெர்மோஸ்டாட் உள்ளதை வாங்கினால் இதில் கணிசமாகக் குறையும். 16 ஆம்பியர் பிளக் பாயின்டில் நேராகச் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. செலவுக்குப் பயந்து கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தவே வேண்டாம். அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போகும்.

கேள்வி: பேரனுக்கு ஜனவரியில் முதல் பிறந்தநாள். ஸ்வெட்டர் பின்னப் போகிறேன். கம்பளி நூலா, அக்ரிலிக்கா? போன வருஷம் நடுவில் நூல் தீர்ந்து, அதே நிறத்தில் வாங்கியும் கை மட்டும் வேறு சாயலாகிவிட்டது. (குன்னூர் வாசகி)

அம்மா, சாயல் மாறியது உங்கள் கண்ணின் பிழை இல்லை. ஒவ்வொரு முறை சாயம் ஏற்றும்போதும் நிறம் இம்மியளவு மாறும். நூல்கண்டின் சீட்டில் நிற எண்ணுக்குப் பக்கத்தில் லாட் எண் இருக்கும், ஒரே தடவையில் சாயம் ஏற்றிய கண்டுகளுக்கு அது ஒன்றாக இருக்கும். எல்லாக் கண்டிலும் அந்த எண் ஒன்றாக இருக்கும்படி மொத்தமாக வாங்குங்கள், ஒரு கண்டு கூடுதலாகவே எடுங்கள்.

ஒரு வயதுக் குழந்தைக்கு அடிக்கடி துவைக்க வேண்டும். தூய கம்பளி சுடுநீரில் சுருங்கும், சில குழந்தைகளுக்கு அரிக்கும். குழந்தைகளுக்கென்று வரும் மெல்லிய அக்ரிலிக் நூல்தான் என் தேர்வு. அது தீயில் உருகி ஒட்டும், எனவே அடுப்புப் பக்கம் மட்டும் கவனம். தூய கம்பளி என்று விலை சொன்னால் ஒரு இழையைக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகும் வாசனையோடு பொடியாகும், அக்ரிலிக் கெட்டி மணியாக உருளும்.

ஊசி வாங்கும்போது, நம் கடைகளில் உள்ள பழைய எண் முறையில் எண் கூடக்கூட ஊசி மெலியும்: 8-ம் எண் 4 மி.மீ., 10-ம் எண் 3.25 மி.மீ. நூல் சீட்டில் மி.மீ. போட்டிருந்தால் அதைக் காட்டியே கேளுங்கள். மிச்சமாகும் கண்டைப் பிரிக்காமல் கொண்டுவந்தால் திரும்ப எடுப்பாரா என்று கடைக்காரரிடம் வாங்கும் அன்றே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.