பலகையில் 'குளூட்டன் இல்லை', அடுப்படியில்?

கேள்வி: என் மனைவிக்கு சீலியாக் நோய்; கோதுமை, பார்லி, ரை என்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுத்துவிடும். அடுத்த மாதம் பத்து நாள் ரோம், பாரிஸ் போகிறோம். அங்கே உணவுப் பட்டியலிலேயே 'குளூட்டன் இல்லாதது' என்று குறி போட்டிருப்பார்களாமே, அதை நம்பிச் சாப்பிடலாமா? அல்லது அடுப்பையும் பாத்திரத்தையும் கட்டிக்கொண்டு போக வேண்டுமா?

பதில்: அடுப்பு வேண்டாம். குறியை மட்டும் நம்பவும் வேண்டாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த வாசகத்துக்குச் சட்டப்படி ஓர் அளவு உண்டு. 828/2014 என்ற விதி 2016 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒரு கிலோ உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமைத் தாண்டாவிட்டால்தான் 'குளூட்டன் இல்லாதது' என்று எழுதலாம். கடையில் விற்கும் பொட்டலத்துக்கும் உணவகத்தில் பரிமாறும் தட்டுக்கும் இதே அளவுதான். ஆனால் பொட்டலம் ஆலையிலிருந்து ஒரே மாதிரி வருகிறது. அதைச் சோதித்துப் பார்க்க முடியும். இன்று மதியம் உங்கள் மேசைக்கு வரப்போகும் தட்டை எவர் சோதிப்பார்? அங்கே சட்டத்தைக் காப்பாற்றுவது சமையல்காரரின் கைதான்.

எவ்வளவு சிறிய தவறு போதும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். சீலியாக் உள்ளவர்களில் பெரும்பாலானோர் ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் வரை தாங்குவார்கள் என்பது மருத்துவத்தில் பொதுவாக எடுத்துக்கொள்ளும் அளவு. சாதாரண கோதுமை ரொட்டித் துண்டு ஒன்றில் இரண்டு கிராமாவது குளூட்டன் இருக்கும். அந்தத் துண்டை இருநூறாகப் பிய்த்தால் கிடைக்கும் ஒரு துணுக்கு, அன்றைய கணக்கை முடித்துவிடும். ரொட்டி வெட்டிய பலகையில் தக்காளி வெட்டினாலே போதும்.

ஆகவே 'இதில் குளூட்டன் இருக்கிறதா?' என்று கேட்காதீர்கள். 'இல்லை' என்று சொல்வது எளிது. சொல்பவர் பொய் சொல்கிறார் என்றும் இல்லை, செய்முறையில் கோதுமை இல்லை, அவ்வளவுதான் அவர் அறிந்தது. சமைக்கும் விதத்தைக் கேளுங்கள். பாஸ்தாவை வேகவைக்கும் தண்ணீர் தனியா? உருளைக்கிழங்கு பொரிக்கும் எண்ணெயில் வேறு என்ன பொரிக்கிறீர்கள்? (மாவில் தோய்த்த மீன் அதே எண்ணெயில் இறங்கியிருந்தால், எவ்வளவு கொதித்தாலும் குளூட்டன் அழியாது.) பீட்சாவுக்குத் தனித் தட்டும் தனி அடுப்பும் உண்டா? சாஸ் கெட்டியாக என்ன சேர்க்கிறீர்கள்? கேள்வியைக் கேட்டதும் 'ஒன்றும் கவலையில்லை' என்று சிரிப்பவரைவிட, 'ஒரு நிமிடம், உள்ளே கேட்டுவிட்டு வருகிறேன்' என்று போகிறவர் நூறு மடங்கு மேல். அவர் திரும்பி வந்து 'மன்னிக்கவும், உங்களுக்கு இங்கே சரிப்படாது' என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு எழுந்திருங்கள். அந்த ஊரில் உங்களுக்குக் கிடைத்த நேர்மையான பதில் அதுவாக இருக்கலாம்.

இரண்டு நகரங்களில் ரோமில்தான் உங்கள் பாடு எளிது. பாஸ்தாவின் நாட்டில் இது வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் சீலியாக்கை இத்தாலியர்கள் அறிந்த அளவுக்குப் பல நாடுகளில் அறியமாட்டார்கள். 1979 முதல் இயங்கும் இத்தாலிய சீலியாக் சங்கம் உணவகங்களுக்குப் பயிற்சி கொடுத்து, சமையலறையைப் பார்த்து, பட்டியலில் சேர்க்கிறது. அந்தப் பட்டியல் செயலியாகவும் கிடைக்கிறது. ரோமில் சாப்பாட்டை அங்கிருந்து தேர்ந்தெடுங்கள். மருந்துக் கடைகளில்கூட குளூட்டன் இல்லாத ரொட்டியும் பிஸ்கட்டும் வைத்திருப்பார்கள். பாரிஸில் வேறு உத்தி: கோதுமையை உள்ளேயே விடாத அடுமனைகளும் உணவகங்களும் சில இருக்கின்றன. போகும் முன்பே அவற்றைக் குறித்துக்கொண்டு, பார்க்கும் இடங்களை அவற்றைச் சுற்றி அமையுங்கள். மூலைக்கு மூலை இருக்கும் காபிக் கடையில் அதிர்ஷ்டத்தை நம்பி உட்கார வேண்டாம்.

'சென்ட்ஸா க்ளூத்தினே', 'சான் க்ளூத்தென்' என்று மனப்பாடம் செய்வது நல்லதுதான். அதோடு, நோயின் பெயரையும், கோதுமை, பார்லி, ரை மூன்றும் ஆகாது என்பதையும், தனிப் பாத்திரம் வேண்டும் என்பதையும் அந்தந்த மொழியில் அச்சிட்ட ஒரு சிறு அட்டை வைத்திருங்கள். அந்த அட்டை உள்ளே சமையல்காரரின் கைக்குப் போக வேண்டும். பரிமாறுபவரின் சட்டைப்பைக்குள் தங்கிவிடக் கூடாது. கூட்டம் சேரும் முன், கடை திறந்ததும் போனால் இதற்கெல்லாம் அவர்களுக்குப் பொறுமை இருக்கும்.

ஒன்று அனுபவத்தில் கற்றது. என் வீட்டிலும் சீலியாக் உள்ள ஒருவர் இருக்கிறார். வெளிநாட்டு நகரம் ஒன்றில் எல்லாம் விளக்கிச் சொன்ன பிறகும் கீரைக் கலவையின் மேல் வறுத்த ரொட்டித் துண்டுகளைத் தூவிக் கொண்டுவந்தார்கள். சொன்னதும் மன்னிப்புக் கேட்டுத் தட்டை எடுத்துப் போனார்கள். இரண்டே நிமிடத்தில் 'புதிய' தட்டு வந்தது. தட்டின் விளிம்பில் ஒரு தக்காளி விதை ஒட்டியிருந்ததை முதல் முறையே பார்த்திருந்தேன். இரண்டாம் முறையும் அதே இடத்தில் இருந்தது. ரொட்டியைப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள், வேறொன்றும் செய்யவில்லை. அன்றிலிருந்து, புதிய தட்டு மேசைக்கு வரும் வரை பழைய தட்டைக் கொடுப்பதில்லை.

கேள்வி: வெளிநாட்டு சூப்பர் மார்க்கெட்டில் எல்லாம் புரியாத எழுத்து. கைப்பேசியில் மொழிபெயர்த்துப் படித்தால் போதாதா?

பதில்: பாதி வழிக்கு உதவும். பிரெஞ்சில் 'ப்ளே' என்றால் கோதுமை. 'ப்ளே நுவார்' என்றால் பக்வீட் என்ற வேறு தானியம், அதில் குளூட்டன் கிடையாது. இத்தாலிய மொழியில் 'கிரானோ' கோதுமை. 'கிரானோ சராச்செனோ' மறுபடியும் பக்வீட். சொல்லுக்குச் சொல் மாற்றும் செயலி இதைக் 'கறுப்புக் கோதுமை' என்று காட்டினால் நல்ல பொருளை வைத்துவிட்டு வருவீர்கள். எதிர்ப்பக்கம் இன்னும் மோசம்: 'ஃபார்ரோ' என்று அழகான பெயரில் இருப்பது பழைய கோதுமை வகை. 'செய்தான்' என்று சைவ இறைச்சியாக விற்பது முழுக்க முழுக்க குளூட்டனேதான்.

அதைவிட முக்கியம், எந்த நாட்டுச் சட்டப்படி அந்தப் பொட்டலம் எழுதப்பட்டது என்பது. ஐரோப்பிய ஒன்றியத்தில் கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ் இருந்தால் பொருள்பட்டியலில் தடித்த எழுத்திலோ வேறு விதமாகவோ எடுப்பாகக் காட்டியாக வேண்டும். கண்ணை ஓடவிட்டாலே தெரியும். அமெரிக்காவில் ஒவ்வாமைச் சட்டம் கோதுமையை மட்டுமே கட்டாயமாக்குகிறது. 'கோதுமை அடங்கியது' என்ற வரி இல்லாத பொட்டலத்திலும் பார்லி மால்ட் (முளைகட்டிய பார்லி) இருக்கலாம். ஆகவே அங்கே 'குளூட்டன் இல்லாதது' என்ற வாசகம் இருந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் பட்டியல் முழுவதையும் படியுங்கள். ஜப்பானிலும் கோதுமையைக் காட்டுவது கட்டாயம், பார்லிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அங்கே தண்ணீருக்குப் பதிலாகவே பார்லித் தேநீரை ஊற்றிக் கொடுப்பார்கள். வழக்கமான சோயா சாஸில் கோதுமை உண்டு. சோபா நூடுல்ஸ் பக்வீட் என்று நம்பி உட்காருபவர்கள், அதில் கோதுமை மாவு கலப்பதும் வழக்கம் என்பதை அறிந்திருக்க வேண்டும். முழு பக்வீட்டில் செய்வதை 'ஜூவாரி' என்பார்கள். அதையும் மற்ற நூடுல்ஸ் வெந்த தண்ணீரிலேயே போட்டால் பயனில்லை.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில்தான் விதி மிகக் கடுமை: சோதனையில் குளூட்டன் தென்படவே கூடாது. ஓட்ஸ் கலந்த எதையும் அங்கே 'குளூட்டன் இல்லாதது' என்று விற்க முடியாது. ஐரோப்பாவில் தூய ஓட்ஸுக்கு அந்தப் பெயர் கிடைக்கும். ஒரே பிஸ்கட் ஒரு நாட்டில் உங்களுக்கானது, இன்னொரு நாட்டில் இல்லை.

வீணாகப் பயப்பட வேண்டாத இடமும் ஒன்று உண்டு. ஐரோப்பியப் பொட்டலங்களில் கோதுமையிலிருந்து எடுத்த குளுக்கோஸ் பாகைக் கண்டு பலர் அலறுவார்கள். அதிகமாகப் பதப்படுத்தப்பட்டது என்பதால் சட்டமே அதற்கு ஒவ்வாமை அறிவிப்பிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறது.

கேள்வி: எனக்கு சீலியாக் இல்லை, கோதுமை ஒவ்வாமை. 'குளூட்டன் இல்லாதது' என்று எழுதியதை வாங்கினால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம் அல்லவா?

பதில்: கூடாது. குளூட்டனை நீக்கிய கோதுமை மாச்சத்தைச் சேர்த்த ரொட்டிகள் ஐரோப்பாவில் 'குளூட்டன் இல்லாதது' என்றே விற்கின்றன, சட்டப்படியே. கோதுமையின் மற்றப் புரதங்கள் அதில் எஞ்சியிருக்கலாம். உங்களுக்குப் பொருள்பட்டியல்தான் பிரமாணம். மறுபுறம் பார்லியும் ரையும் பொதுவாக உங்கள் பிரச்சினை அல்ல. மருத்துவர் சம்மதித்தால் உங்கள் தட்டு அந்த வகையில் கொஞ்சம் பெரிது.

கேள்வி: விமானத்தில் குளூட்டன் இல்லாத சாப்பாடு முன்பதிவு செய்திருந்தேன். தட்டில் எல்லாம் சரி, ஓரத்தில் சாதாரண கோதுமை பன்! இழப்பீடு கேட்க முடியுமா?

பதில்: கேட்கலாம், கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். சிறப்பு உணவு கட்டாயம் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை என்று பல நிறுவனங்கள் நிபந்தனையிலேயே எழுதிவைத்திருக்கின்றன. அந்த பன் பெரும்பாலும் சமையலறையிலிருந்து வந்ததல்ல. எல்லாத் தட்டுகளிலும் வைக்கும்போது பணியாளர் கைப்பழக்கத்தில் வைத்தது. தட்டின் மூடியில் உள்ள சீட்டையும் பன்னையும் சேர்த்துப் படம் எடுங்கள், பணியாளரிடம் சொல்லி, அவர் பெயர் தெரியாவிட்டால் நேரத்தையாவது குறித்துக்கொள்ளுங்கள், இறங்கியதும் எழுதுங்கள். பண இழப்பீடு வராவிட்டாலும் சில சமயம் பயணப் புள்ளிகளோ கூப்பனோ வரும்.

அடுத்த முறைக்கு: இந்த உணவின் குறியீடு ஜி.எஃப்.எம்.எல். குறைந்தது 24 மணி நேரம் முன்பு சொல்ல வேண்டும். சில நிறுவனங்கள் 48 கேட்கும். போகும் பயணத்துக்குச் சொன்னது திரும்பும் பயணத்துக்கும் சேர்ந்துவிடும் என்று எண்ணாதீர்கள். விமானத்தை மாற்றினால் பதிவு காணாமல் போவதும் உண்டு. கைப்பையில் ஒரு வேளைச் சாப்பாடு எப்போதும் இருக்கட்டும்.

கேள்வி: அப்படி எடுத்துப் போவதைச் சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்களா?

பதில்: விமானத்துக்குள் தடையில்லை, இறங்கும் இடத்தில்தான் சிக்கல். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து இறைச்சியும் பாலில் செய்ததும் கொண்டுபோகக் கூடாது. ஆஸ்திரேலியாவில் எந்த உணவையும் மறைக்காமல் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் பெரும்பாலும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள், மறைத்தால் அபராதம். உலர்ந்தது, முத்திரை பிரிக்காதது, பெயர்ச்சீட்டு உள்ளது என்றால் தொல்லை குறைவு. மருத்துவரின் கடிதம் ஒன்று கூடவே இருக்கட்டும்.

கேள்வி: 'சாப்பிடும் முன் போட்டுக்கொண்டால் குளூட்டனைச் செரித்துவிடும்' என்று ஒரு மாத்திரை விற்கிறார்கள். பயணத்துக்கு வாங்கலாமா?

பதில்: சீலியாக் இருந்தால் வாங்காதீர்கள். அந்த மாத்திரையில் உள்ள நொதி சிறிதளவு குளூட்டனை உடைக்கலாம். ஒரு தட்டு பாஸ்தாவைச் சாப்பிட அனுமதிச்சீட்டு அல்ல. பெட்டியின் பின்புறம் சிறிய எழுத்தில் அவர்களே அதைச் சொல்லியிருப்பார்கள், முன்புறம்தான் வேறு கதை.

கேள்வி: எனக்கு நோய் எதுவும் இல்லை, உடல் இலேசாக இருக்கிறது என்பதால் குளூட்டனைத் தவிர்க்கிறேன். வெளியூரில் 'எனக்கு ஒவ்வாமை' என்று சொல்லிவிடுவது எளிதாக இருக்கிறது. தவறா?

பதில்: தவறுதான். நீங்கள் சொன்னதற்காக உள்ளே ஒருவர் பாத்திரத்தைக் கழுவி, கையுறையை மாற்றி, தனியாகச் சமைக்கிறார். பிறகு நீங்கள் பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு வாய் கேக் எடுத்துச் சாப்பிடுவதை அவரே பார்க்கிறார். அடுத்த நாள் உண்மையான சீலியாக்காரர் வந்து நிற்கும்போது அவர் எவ்வளவு கவனம் எடுப்பார்? 'கோதுமை வேண்டாம், விருப்பத்தால்தான்' என்று சொல்லுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள்.

கேள்வி: ஸ்பெயினில் குளூட்டன் இல்லாத பீட்சா என்று கூடுதல் விலை கொடுத்துச் சாப்பிட்டு இரண்டு நாள் படுத்துவிட்டேன். கடைக்காரர் 'உங்கள் வயிற்றுக்கு நான் பொறுப்பா?' என்கிறார். சுற்றுலாப் பயணி எங்கே போய் முறையிடுவது?

பதில்: அந்தக் கடையிலேயே. ஸ்பெயினில் கடைக்காரர்கள் 'ஓஹா தே ரெக்லமாசியோனெஸ்' என்ற புகார்ப் படிவத்தை வைத்திருக்க வேண்டும், கேட்டால் கொடுக்க வேண்டும். போர்ச்சுகலில் அதே வேலைக்குப் புகார்ப் புத்தகம் இருக்கிறது. உங்களுக்கான நகலை வாங்கிக்கொள்ளுங்கள். பிரிட்டனில் என்றால் அந்த ஊர் நகராட்சியின் உணவுப் பாதுகாப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும்.

வயிற்று வலி அந்த பீட்சாவால்தான் வந்தது என்று நிரூபிப்பது கடினம். அதை முதலில் வைத்தால் வழக்கு அங்கேயே சாயும். 'குளூட்டன் இல்லாதது என்று எழுதி விற்றார்கள், தனி அடுப்பு இல்லை' என்பதை முன்னால் வையுங்கள். பில், உணவுப் பட்டியலின் படம், கடையின் பெயர்ப்பலகை, நேரம். அடுப்பு கண்ணுக்குத் தெரிந்தால் அதன் படமும். கூடுதல் விலை பில்லில் தனி வரியாக அச்சிடப்பட்டிருந்தால் இன்னும் நல்லது. அந்தப் பணத்தை எதற்காக வாங்கினார் என்று கடைக்காரரே எழுதிக் கொடுத்த மாதிரி.